தேசி மரத்து மஞ்சள் நூல்

கார்த்திகை 13, திங்கள்

விடியும்வரை மழை. எட்டு மணிக்குப் பிறகு வெயில், அதுவும் நம்ப ஏலாத வெயில். தோய்த்த உடுப்பைக் காயப்போடப் பின் வளவுக்குப் போனால், தேசி மரத்துக்கும் மதிலுக்கும் இடையில் பெரிய சிலந்தி வலை. நேற்று இருக்கவில்லை. இருந்திருந்தால் கண்டிருப்பேன். இந்த வளவில் எனக்குத் தெரியாமல் ஒரு இலை விழாது.

சிலந்தி என் உள்ளங்கை அளவு. பொய் இல்லை. கறுத்த நீள உடம்பு, முதுகில் மஞ்சள் கோடு, கால் மூட்டுகளில் மஞ்சள் புள்ளி. தலைகீழாகத் தொங்குது. நூலும் மஞ்சள். வெயில் பட்டதும் கூறைச்சேலைச் சரிகை மாதிரி மினுங்கினது. பிறந்து வளர்ந்து பேரப்பிள்ளை காணப்போகிற வயது வரைக்கும் இந்தத் திருகோணமலையில்தான் இருக்கிறேன். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வடிவாத்தான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். துறைமுகத்தில் இழுவைப் படகில் கப்பல் இழுக்கிறவர். எதையும் கயிறு இறுகின பிறகுதான் யோசிப்பார்.

மகள் நிரோ வர இன்னும் பன்னிரண்டு நாள். முதல் பிள்ளைப்பேறு தாய் வீட்டில். மட்டக்களப்பில் இருந்து சனிக்கிழமை, 25ஆம் திகதி, மருமகன் வான் பிடித்துக் கொண்டுவந்து விடுவார். அதற்குள்:

அவளின் அறைக்கு வெள்ளை அடிக்க.
நுளம்பு வலை, புதுசு.
அலுமாரியை யன்னல் பக்கம் தள்ள. (தள்ளியாச்சு. வலது விலாவில் பிடித்துக்கொண்டது. எரிகிற மாதிரி ஒரு நோ.)
குழந்தைச் சட்டை, மிச்சம் தைக்க.
சிலந்தி?

கார்த்திகை 14, செவ்வாய்

வானம் மூடம். சிலந்தி அதே இடத்தில். அசையவில்லை. அசையாமல் இருக்கிறதை நம்பக் கூடாது.

எங்கிருந்து வந்தது? மூன்று வழிதான்.

ஒன்று, இவர். போன கிழமை கப்பலில் சாமான்களுக்கு அடியில் வைக்கிற பலகைகள் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து தேசி மரத்தில் சாத்தி வைத்தார். தொட்டில் செய்யவாம். எந்த நாட்டுப் பலகையோ, எந்தக் காட்டு மரமோ. அதற்குள் என்ன முட்டை இருந்ததோ.

இரண்டு, மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பௌசியா. கொழும்பில் இருந்து பூச்சாடி எடுப்பித்து மதில் மேலே வரிசையாக அடுக்கியிருக்கிறா. வலையின் மேல் நூல் கட்டியிருப்பது அவவின் சாடியில்.

மூன்று, தானாக வந்தது. இதை நான் நம்பவில்லை.

பௌசியாவிடம் மதிலுக்கு மேலால் கேட்டேன். "டீச்சர், என்ட சாடியில புழு கூட இல்ல. அது உங்கட பக்கத்தால ஏறினது" என்றா. மிச்சம் கெதியாகப் பதில் வந்தது. (பாலர் பாடசாலையில் இருந்து ஓய்வெடுத்த பிறகும் இந்த ஒழுங்கையில் எல்லாருக்கும் நான் டீச்சர்தான்.)

படம் பிடித்தால் பூச்சியின் பேர் சொல்லுகிற செயலி ஒன்றைப் போனில் இறக்கினேன். முதல் படத்துக்கு "தோட்டச் சிலந்தி" என்றது. இரண்டாவதுக்கு ஏதோ ஆஸ்திரேலியப் பேர். மூன்றாவது எடுக்கும்போது போன் ஆடிப் போச்சு, நண்டு என்றது.

இவர் சிரித்த சிரிப்பு. "நண்டெண்டா கறி வைப்பம் ரெஜி."

கார்த்திகை 16, வியாழன்

மழை. வீதியில் திரிகிற மான் ஒன்று வந்து முன் செவ்வரத்தைச் செடியை மொட்டையாக்கிவிட்டுப் போயிருக்குது. அது வேறு.

இன்று நடந்த விசர் வேலை: இவர் சிலந்தியைப் படமெடுத்துக் குடும்ப வட்சப் குழுவில் போட்டிருக்கிறார். "எங்கள் வீட்டு விருந்தாளி" என்று எழுதி. அந்தக் குழுவில் ஆர் இருக்கிறா? சம்பந்தியம்மா இருக்கிறா.

பத்து நிமிடம் ஆகவில்லை, போன். "ரெஜினா, அது புலிமுகச் சிலந்தி இல்லையே? பிள்ளைத்தாச்சியைப் பாம்பு பூச்சி உள்ள இடத்தில விடுறது எனக்கு மனசில்லாம இருக்கு. இஞ்ச ஆஸ்பத்திரியும் கிட்ட."

மனசில்லையாம். போன மாதமே மருமகனுக்குச் சொல்லிப் பார்த்தவ, பேறு அங்கேயே நடக்கட்டும் என்று. நிரோதான் அம்மாவிட்டத்தான் போவன் என்று நின்றவள். இப்போது சம்பந்தியம்மாவுக்கு என் வீட்டுக்காரரே காரணம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

பின்னேரம் நிரோ. "அம்மா, அது விசமோ?"

"சீச்சீ. சும்மா பூச்சி."

"பேர் என்ன?"

பேர் தெரியாது. அதுதான் பிரச்சினை. பேர் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும்.

"பேர் தெரியாமல் சும்மா பூச்சி எண்டு எப்பிடிச் சொல்லுறீங்க? பேரைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ. பிறகு பார்ப்பம்."

பிறகு பார்ப்பமாம். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளை ஏச ஏலாது. குணம் என்னுடையதுதான், ஆரை ஏச?

விலா நோ போகவில்லை. தொட்டாலே நெருப்பு மாதிரி. எண்ணெய் பூசினேன்.

கார்த்திகை 17, வெள்ளி

உடுப்பு எடுக்கப் போன இடத்தில் வலையில் முட்டிவிட்டேன். குனிந்து போனனான், நிமிர்ந்த நேரம் தோளில் இருந்து இடுப்பு வரைக்கும் வலது பக்கம் நூல் ஒட்டினது. பசை. இழுத்தால் அறுகுதில்லை, "டிக்" என்று சத்தம் கேட்டு ஒவ்வொன்றாக விடுது. சிலந்தி மேலே ஓடிப் போய் நின்று பார்த்தது. என்னைத்தான்.

இவர் வந்து நூலை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கயிறு" என்றார். எனக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்கவில்லை. பின்னேரம் பார்த்தால் உடுப்புக் கொடியை அவிழ்த்து வலைக்கு இந்தப் பக்கமாகக் கட்டியிருக்கிறார். வலையை அறுக்க மனமில்லை, என் கொடியை மாற்ற மனமிருக்கு.

வலை ஓரத்தில் சின்னச் சிவப்புப் பூச்சிகள் இரண்டு மூன்று. சிலந்திதான், ஆனால் நகம் அளவு. குஞ்சுகளோ? களவெடுக்க வந்ததுகளோ? குறித்து வைக்கிறேன்.

கார்த்திகை 19, ஞாயிறு

பூசைக்குப் போய்வந்து சாறி மாற்றும்போது கண்டேன். வலது விலாவில், முன்பக்கத்தில் இருந்து முதுகு வரைக்கும், சிவந்து பட்டி போட்ட மாதிரி. அதன் மேல் சின்னச் சின்னக் கொப்புளம். உள்ளே நீர்.

வலை பட்ட பக்கம். அதே பக்கம்.

கதிரையில் இருந்துவிட்டேன். எச்சில் பட்டிருக்கு. சின்னனில் இருந்து கேட்டதுதானே, சிலந்தி நக்கினால் இப்படித்தான் வரிசையாகக் கொப்புளிக்கும் என்று. அப்போது நம்பவில்லை.

இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் குழுவில் போடுவார்.

பௌசியாவுக்கு மட்டும் காட்டினேன். வேறு ஆரிடம் காட்ட? ஒரு பார்வைதான் பார்த்தா. "சிலந்தி நக்கினது டீச்சர். என்ட மாமிக்கும் இப்பிடித்தான் வந்த. வேப்பங்கொழுந்தும் மஞ்சளும் அரைச்சிப் பூசுங்க, ஆறிரும்." தன் கையாலேயே அரைத்துக் கொண்டுவந்து தந்தா. கிண்ணத்தை வாங்கும்போது யோசித்தேன், சிலந்தி தன் சாடியில் இருந்து வந்தது என்று தெரிந்துதான் இவ்வளவு உபகாரமோ என்று. பூசினேன். எரிவு.

மட்டக்களப்புக்கு ஒரு சொல் போகக் கூடாது. கொப்புளம் என்று கேள்விப்பட்டால் நிரோ வரமாட்டாள். சம்பந்தியம்மா தொட்டில் வாங்கிவிடுவா.

கார்த்திகை 21, செவ்வாய்

தும்புத்தடியோடு போனேன். இவர் வேலைக்குப் போன பிறகு. ஒரு அடியில் முடித்துவிடலாம்.

தடியை ஓங்கினேன், ஓங்கினபடியே நின்றேன். கொன்றுவிட்டால் எது கடித்தது, எது நக்கினது என்று எப்படித் தெரியும்? மருந்து கேட்டால் என்ன பேர் சொல்வேன்? இன்னொன்று இந்தப் பலகைக்குள் இருந்தால்? ஆளைத் தெரியாமல் தண்டனை கொடுக்க ஏலாது. தடியை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன்.

இந்த முறை ஆறுதலாக எடுத்தேன். முதுகு, வயிறு, கால், நூல், ஓரத்துச் சிவப்புக் களவாணிகள். முகநூலில் சிலந்திகளைப் பற்றிக் கதைக்கிற தமிழ்க் குழு ஒன்று இருக்கு, அதில் போட்டேன். எழுதினது: "இது என்ன சிலந்தி? திருகோணமலை, வீட்டு வளவு. இதன் வலை பட்டு எனக்கு விலாவில் கொப்புளம் வந்திருக்கு. விசமா?" பேரை மாற்றிப் போட்டேன். சம்பந்தியம்மா எங்கும் இருப்பா.

குழந்தைச் சட்டை மூன்று தைத்தேன். துணியை மடியில் வைத்து வலது பக்கம் அணைத்துத் தைக்கிற பழக்கம். கொப்புளம் உரசி நொந்தது.

கார்த்திகை 23, வியாழன்

குழுவில் பதில்கள். ஒருவர்: "கொடிய விசம், உடனே எரியுங்கள்." ஒருவர்: "வீட்டுக்கு லட்சுமி வருகிறது." ஒரு பெண்: "என் மச்சாளுக்கு இப்படி வந்து கை எடுக்க வேண்டி வந்தது." இன்னொருவர் சிரிக்கிற முகம் மட்டும்.

கை எடுக்க வேண்டி வந்ததை மூன்று தரம் வாசித்தேன். விலாவை எப்படி எடுப்பார்கள்?

சும்மா தேடிக்கொண்டு போனால் அமெரிக்காவில் ஒரு செய்தி. எங்கள் ஆசியாப் பக்கத்துச் சிலந்தி ஒன்று, இதன் சொந்தக்கார இனமாம், கொள்கலனில் ஏறி அங்கே போய்ப் பெருகிவிட்டதாம். அங்கத்தைய சனம் எங்களைச் சந்தேகப்படுது. நான் இங்கே கப்பல் பலகையைச் சந்தேகப்படுகிறேன். இவருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப சரி, கணக்கு நேர்" என்றார்.

நிரோ: "பேர் தெரிஞ்சுதோ?"

"நாளைக்குச் சொல்லுறன்."

கார்த்திகை 24, வெள்ளி

கடும் மழை. குசினிக்குள் ஒழுக்கு.

குழுவில் புதுப் பதில். முகப் படம் இல்லை, ஒரு இலைப் படம். முகத்தை மறைக்கிறவர்களை நம்புவதில்லை, ஆனால் தமிழ் ஒழுங்கான தமிழ். எழுதியிருப்பது:

"இது தங்கநூல் சிலந்தி. பெண். எங்கள் நாட்டுச் சிலந்திதான், மழைக்காலத்தில் இந்த அளவுக்கு வளரும். படத்தில் ஓரத்தில் தெரிகிற சின்னச் சிவப்பானவை இதன் ஆண்கள். சரிபார்க்க: நூல் வெயிலில் மஞ்சளாகத் தெரிய வேண்டும், மூட்டுகளில் மஞ்சள், உடம்பில் புலிமுகச் சிலந்தி போல அடர்ந்த மயிர் இருக்கக் கூடாது. கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கடிக்காது. கடித்தாலும் சிவந்து, நொந்து, அடங்கிவிடும். எச்சில், வலை பட்டுக் கொப்புளம் வராது. ஒரு பக்கம் மட்டும் பட்டி போலக் கொப்புளம் என்றால் காரணம் வேறு. டொக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்றைக்கே காட்டுங்கள்."

குடையோடு போய் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நூல் மஞ்சள். மூட்டு மஞ்சள். மயிர் இல்லை. எல்லாம் பொருந்துது.

ஆனால் கர்ப்பிணி? நான் கர்ப்பிணி என்று எழுதவே இல்லை. இந்த இலைக்கு எப்படித் தெரியும்? மட்டக்களப்பு ஆளோ? சம்பந்தியம்மா பிடித்த ஆளோ? அரை மணித்தியாலம் அந்த இலையின் பழைய பதிவுகளைத் தோண்டினேன். சிலந்தி, சிலந்தி, ஒரு தட்டான், சிலந்தி. சம்பந்தியம்மா எங்கும் இல்லை.

நிரோவுக்குச் சொன்னேன்: "தங்கநூல் சிலந்தி. எங்கட நாட்டுது. விசம் இல்லை. எழுத்தில இருக்கு."

"உண்மையாவோ? அப்ப நாளைக்கு விடிய வெளிக்கிடுறம்!" அவளின் சந்தோசம். மாமி முகத்தைப் பார்க்க வேணுமாம், ஒன்றும் சொல்ல ஏலாமல் நிற்கிறாவாம். இரண்டு பேரும் சிரித்தோம்.

வென்றுவிட்டேன். ஆனால் போனை வைத்த பிறகு மனதில் சிரிப்புத் தங்கவில்லை. சிலந்தி இல்லை என்றால், இது என்ன?

இவர் உடுப்பு மாற்றுகையில் கண்டுவிட்டார். "என்னப்பா இது? எப்ப இருந்து?" முதல் தரமாக அவசரப்பட்டார். விடிய டொக்டரிடம் போவம் என்றார். அவர்கள் வந்து சேர மத்தியானம் ஆகும், அதற்குள் போய்வரலாம்.

கார்த்திகை 25, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

விடியவே வீட்டில் எல்லாம் தயார். அறை வெள்ளை. நுளம்பு வலை கட்டியாச்சு. பாரைமீன் வாங்கிக் கழுவி வைத்தாச்சு, நிரோவுக்குப் புளியாணம் விருப்பம். ஓட்டோவில் டொக்டரிடம்.

டொக்டர் சின்னப் பிள்ளை, நிரோவின் வயதுதான் இருக்கும். கொப்புளத்தைப் பார்த்ததும், "எப்ப நோகத் துடங்கினது அன்ரி?" என்று கேட்டா.

"அலுமாரி தள்ளின அண்டைக்கு."

"கொப்புளம்?"

"ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை சிலந்தி வலையில முட்டினனான், அதாலதான்."

"அலுமாரி தள்ளினது வலையில முட்ட முதலோ, பிறகோ?"

முதல். நாலு நாள் முதல். வலையில் முட்டும் முன்னமே நொந்திருக்கு. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"சிலந்தி ஒண்டும் செய்யேல்லை அன்ரி. இது அக்கி. சின்னனில கொப்பளிப்பான் அம்மை வந்திருக்குமே உங்களுக்கு? அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போறேல்லை. உள்ளுக்க ஒளிச்சிருந்து, வயது போக, உடம்பு களைக்க, வெளிய வரும். சனம் சிலந்தி எண்டுதான் சொல்லுறது."

ஒளித்திருந்ததாம். எனக்குள்ளேயே. நான் இத்தனை நாளும் மதிலைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன், பௌசியாவின் சாடியைக் கூடப் பார்த்தேன்.

குளிசை எழுதிக்கொண்டே கேட்டா: "வீட்டில கர்ப்பிணி, கைப்பிள்ளை ஆரும் இருக்கினமோ?"

"மகள். மாதம் நிறைஞ்ச பிள்ளை. இண்டைக்கு வாறா."

பேனை நின்றது. "அவவுக்குக் கொப்பளிப்பான் வந்ததோ?"

வரவில்லை. ஒழுங்கை முழுக்கப் பிள்ளைகளுக்கு வந்தபோது நான்தான் அவளைச் சாம்பல்தீவில் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஒன்றும் அண்டவிடவில்லை. அப்போது பெருமைப்பட்டேன்.

டொக்டர் சொன்னது: இந்தக் கொப்புளத்து நீர் பட்டால் அவளுக்குக் கொப்பளிப்பான் வரலாம். இந்த நேரத்தில் வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குக் கட்டும்வரை அவள் கிட்ட வரக் கூடாது. பிறந்த பிள்ளையையும் தூக்கக் கூடாது.

வெளியே வந்து வீதியோரத்தில் நின்று போன் எடுத்தேன். வானுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டது.

"அம்மா! வெருகலில நிக்கிறம். தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுறம். மீன் வாங்கினீங்களோ?"

"நிரோ, வராத."

"என்ன?"

"வராத பிள்ளை. திரும்பிப் போ."

பாட்டை நிற்பாட்டினார்கள். "என்னம்மா, அந்தப் பூச்சியோ? விசமில்லை எண்டு நேற்றுத்தானே சொன்னீங்க? என்ன ஒளிக்கிறீங்க?"

"பூச்சி இல்லையடி. நான்தான்."

எல்லாம் சொன்னேன். கொப்புளம் ஒளித்ததையும் சொன்னேன். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. "அம்மா நோகுதோ?" என்று மட்டும் கேட்டாள். அங்கே வீதியில் நின்று அழுதேன், இவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

வான் வெருகலில் இருந்து திரும்பிவிட்டது.

மீனைப் பௌசியாவுக்குக் கொடுத்தேன். எங்களுக்கு இறங்காது.

கார்த்திகை 26, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அங்கே எத்தனை பிள்ளைத்தாச்சியோ.

தைத்த சட்டை எல்லாவற்றையும் கிடாரத்தில் போட்டு அவித்தேன். துவாய், தலையணை உறை, நிரோவின் கட்டில் விரிப்பு, நான் ஒருக்கால் இருந்து பார்த்தது. இவர் விறகு வைத்தார். "சட்டை இனிப் பொம்மைக்குத்தான் அளவு" என்றார்.

சம்பந்தியம்மாவுக்கு நானே எடுத்தேன். மனதைக் கல்லாக்கிக்கொண்டு. "பேறு அங்கேயே நடக்கட்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கோ" என்றேன். மற்றப் பக்கம் சத்தமில்லை. சந்தோசத்தை அடக்குகிறாவோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பார்த்தால் மனுசி அழுகிறா. "முதல் பிள்ளைக்குத் தாய் பக்கத்தில இல்லாமப் போறது எனக்குத் தெரியும் ரெஜினா. எனக்கும் அப்பிடித்தான் நடந்தது. நான் உங்களை மாதிரி வரமாட்டன். ஆனாப் பார்ப்பன்."

இவ்வளவு நாளும் அந்தக் குரலில் எதைத் தேடினேன் என்று தெரியவில்லை.

டொக்டர் சொன்னபடி, நிரோவுக்கு அந்தக் கிருமிக்கு எதிர்ப்பு இருக்கோ என்று அங்கே இரத்தம் சோதிக்கக் கொடுத்திருக்கினம்.

மார்கழி 1, வெள்ளி

இடைவெளி விட்ட மழை. நிரோவின் இரத்த முடிவு வந்தது, எதிர்ப்பு இல்லையாம். பழைய கொப்புளம் கறுக்குது. முதுகுப் பக்கம் புதுசாக இரண்டு. துரோகிகள்.

இலைப் படக்காரருக்கு நன்றி எழுதினேன், அக்கிதான் என்று. எப்படிக் கர்ப்பிணி என்று தெரிந்தது என்றும் கேட்டேன். கேட்காமல் விட ஏலாது. பதில்: "தெரியாது அம்மா. இப்படிக் கொப்புளம் என்று எழுதுகிற எல்லாருக்கும் அதை எழுதுவேன்."

சரி.

பின்னேரம் இவர் கூப்பிட்டார். சிலந்தி வலையில் இல்லை. மரத்தடியில், வேருக்குப் பக்கத்தில், மண்ணைக் கிண்டிக்கொண்டு நின்றது. முட்டை. வைத்து, நூல் சுற்றி, மண்ணையும் சருகையும் இழுத்து மூடிவிட்டு ஏறிப் போய்விட்டது. இனித் திரும்பிப் பார்க்காதாம், இவர் எங்கேயோ வாசித்தவராம்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஒருக்கால் எட்டிப் பார்த்தால் என்ன? மான் மிதிக்காமல் இருக்க அந்த இடத்தைச் சுற்றி நாலு கல் வைத்தேன்.

தொட்டில் முடிந்தது. அந்தக் கப்பல் பலகையில்தான். ஒவ்வொரு இடுக்காகச் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். ஒன்றும் இல்லை.

மார்கழி 4, திங்கள்

பிறந்துவிட்டாள்.

பெண் பிள்ளை. விடியப்புறம். இரண்டு பேரும் சுகம். மருமகன் அழுதுகொண்டு சொன்னது பாதி விளங்கவில்லை, சம்பந்தியம்மா போனைப் பறித்துச் சொன்னா. நிரோ கடைசி வரைக்கும் "அம்மா, அம்மா" என்றுதான் கத்தினாளாம். இதை எனக்குச் சொல்ல வேணுமா? சொன்னது நல்லது. சொல்லாமல் விட்டிருந்தால் ஒளிக்கிறா என்று நினைத்திருப்பேன்.

படம் வந்தது. மூக்கு சம்பந்தியம்மாவின் மூக்கு மாதிரி. படம் எடுத்த கோணமாகவும் இருக்கலாம். நெற்றி எங்கள் நெற்றி, அதில் சந்தேகமில்லை.

பௌசியா மதிலுக்கு மேலால் வட்டிலப்பம் நீட்டினா. கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாடி ஒன்றில் சின்னப் பூ.

டொக்டரிடம் காட்டினோம். "கிட்டத்தட்டச் சரி அன்ரி. ஒரு கொப்புளமும் ஈரமில்லாமல் காய்ஞ்சாப் போய்த் தூக்கலாம். புதன்கிழமை அளவில."

புதன்கிழமைக்கு வான் சொல்லியாச்சு.

மார்கழி 6, புதன்

மழை இல்லை. உள்துறைமுகப் பக்கத்தால் நல்ல காற்று.

விடியவே முழுகி, சாறி உடுத்தாச்சு. கட்டின சாமான்: சட்டைகள் (இரண்டு தரம் அவித்தது), துவாய், பிள்ளை பெற்றவளுக்குக் காயச் சரக்கு அரைத்தது, நெத்தலிக் கருவாடு நிரோவுக்கு, சம்பந்தியம்மாவுக்குத் தொதல். தொட்டிலைக் கழற்றி இவர் வானுக்கு மேலே கட்டினார்.

வெளிக்கிட முதல் கடைசியாக ஒருக்கால் பார்ப்போம் என்று அறைக்குள் போனேன். கண்ணாடியில் முன்பக்கம் எல்லாம் பொருக்கு. முதுகுப் பக்கத்தில், கடைசியாக வந்த அந்த ஒன்று, எனக்குத் தெரியவில்லை. இவரைக் கூப்பிட்டேன். டோர்ச் அடித்துப் பார்த்தார். "காய்ஞ்சிட்டுது."

"வடிவாப் பாருங்கோ."

"காய்ஞ்சிட்டுதப்பா."

தைத்து மிஞ்சின வெள்ளைத் துணியில் ஒரு துண்டு எடுத்து அந்த இடத்தில் வைத்து அழுத்தச் சொன்னேன். எடுத்துப் பார்த்தால் மஞ்சளாக ஒரு பொட்டு. கடுகு அளவு கூட இல்லை.

"இது பூச்சு மருந்து" என்றார். இருக்கலாம். வியர்வையாகவும் இருக்கலாம். யன்னலடியில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முகர்ந்து பார்த்தேன். தெரியவில்லை.

வான்காரர் ஹோன் அடித்தார்.

"ரெஜி, டொக்டரே சொல்லிப்போட்டா. உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம். பிள்ளையைப் பார்க்க வேண்டாமோ?"

பார்க்க வேணும். வேறு ஒன்றும் வேண்டாம், அதுதான் வேணும்.

"நீங்க போங்கோ" என்றேன்.

கொஞ்ச நேரம் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். துணியை மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய் ஏறினார். கை கழுவிவிட்டுத் தூக்கச் சொன்னேன். தலையைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னேன். மூக்கை நேரில் பார்த்துச் சொல்லச் சொன்னேன். வான் ஒழுங்கை திரும்பும்வரை தொட்டில் கால் தெரிந்தது.

சாறியை அவிழ்த்து மடித்தேன். ஹவுஸ்கோட் போட்டேன். உடுப்புக் காயப்போட்டேன். சிலந்தி அதே இடத்தில், தலைகீழாக. கல் நாலும் அசையவில்லை.

நாளைக்கு விடிய வேறு வெள்ளைத் துணி.